போர்டு பளபளக்குது... சர்டிபிகேட் செல்லுமா? சென்னை பயிற்சி மையங்களில் பணம் கட்டும் முன்பு கேட்க வேண்டிய ஒரே கேள்வி!

சென்னை:

பத்தாவது, பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் சென்னையில் முதலில் களைகட்டுவது காலேஜ் வாசல் அல்ல. மின்சார ரெயில் பெட்டியின் உள்பக்கச் சுவர்தான்!

"10-வது பெயிலா? கவலை வேண்டாம்", "6 மாதத்தில் கை நிறைய சம்பளம்", "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்று நோட்டீசுக்கு மேல் நோட்டீஸ். வியாசர்பாடி, பெரம்பூர், வடபழனி, தாம்பரம் என்று எங்கே இறங்கினாலும் முதல் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர், இரண்டாவது மாடியில் நர்சிங் பயிற்சி, மூன்றாவது மாடியில் ஏ.சி. மெக்கானிக் வகுப்பு.

எல்லாமே மோசடி என்று சொல்ல முடியாது. நல்லா சொல்லிக் கொடுக்கிற சென்டர்களும் இருக்கின்றன. ஆனால் வெளியே இருந்து பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரி ஏ.சி. ரூம், ஒரே மாதிரி கண்ணாடிக் கதவு. பெற்றோர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

வலை விழும் விதம்

வழக்கமாக நடப்பது இதுதான். நோட்டீசில் இருக்கும் நம்பருக்கு ஒரு தடவை போன் செய்தால் போதும். அதற்குப் பிறகு "கவுன்சிலர் பேசுறேன்" என்று தினமும் போன் வரும். நேரில் போனால் காபி கொடுப்பார்கள். "இன்னைக்கு சேர்ந்தா ஆபர், நாளைக்கு கட்டணம் ஏறிடும்" என்பார்கள்.

கையில் பணம் இல்லையா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பைனான்ஸ் கம்பெனி மூலம் மாதத் தவணை. கையெழுத்து போடுவது அம்மாவோ அப்பாவோ. மொத்தப் பணமும் சென்டருக்கு முதலிலேயே போய்விடும். இரண்டு மாதத்தில் வாத்தியார் வராமல் போனாலும், சென்டரையே பூட்டிவிட்டுப் போனாலும் தவணை மட்டும் நிற்காது. கட்டாமல் விட்டால் 'சிபில்' ஸ்கோர் அடிவாங்கும். அப்புறம் வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ் கூட தவணையில் வாங்க முடியாது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. பிள்ளையின் ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி.யை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வது. பாதியில் நின்றால் "முழு பீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோ" என்ற பேச்சு வரும். ஜெராக்ஸ் கொடுங்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டு கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

'அரசு பதிவு பெற்றது'

போர்டில் கொட்டை எழுத்தில் "அரசு பதிவு பெற்றது" என்று இருக்கும். பதிவு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. டிரஸ்ட், சொசைட்டி, கம்பெனி எதுவானாலும் பதிவு செய்யலாம். 2020-ல் வந்த 'உத்யம்' பதிவு என்பது சிறு தொழில் நடத்துகிறவர் தாமாகவே விவரம் கொடுத்து, கட்டணம் இல்லாமல் செய்துகொள்வது. அதற்கும் அங்கே நடக்கும் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை.

'ஐ.எஸ்.ஓ. தரச்சான்று' என்பதும் அப்படித்தான். அது நிர்வாக முறைக்குக் கொடுப்பது. அதை வைத்து எந்த அரசு ஆபீசிலும் வேலை கேட்க முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நம்ம கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். "சார், பரீட்சை யார் வைக்கிறாங்க?"

தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைப் பாருங்க. பழைய கட்டிடம், கடகட சத்தம், ஏ.சி. கிடையாது. ஆனால் அங்கே படிப்பவருக்குப் பரீட்சை வைப்பது அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். இன்ஸ்டிட்யூட்காரர் நினைத்தாலும் சும்மா பாஸ் போட முடியாது. அதனால்தான் அந்த சர்டிபிகேட்டுக்கு இன்னும் மதிப்பு. அரசு டைப்பிஸ்ட் வேலைக்குக் கேட்கும் 'ஆபீஸ் ஆட்டோமேஷன்' கம்ப்யூட்டர் தேர்வையும் இதே இயக்ககம்தான் நடத்துகிறது. மாடி சென்டரில் ஆயிரக்கணக்கில் கட்டி வாங்கிய 'டிப்ளமோ'வை அதற்குப் பதிலாக நீட்ட முடியாது.

நர்சிங்கும் இதே கதைதான். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் இவற்றை அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்து, தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். 'ஒரு வருட நர்சிங் டிப்ளமோ' என்று கடைத்தெரு மாடியில் படித்த பெண்ணுக்கு அந்தப் பதிவு கிடைக்காது. ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்பு போட்டு நிற்கலாம், ராத்திரி முழுக்க வேலை பார்க்கலாம். ஆனால் உதவியாளர் சம்பளம்தான். வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டியிருந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான். இதில் ஏமாறுவது பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பாடம் நடத்துவது, பரீட்சை வைப்பது, சர்டிபிகேட் அச்சடிப்பது மூன்றையும் ஒரே சென்டர் செய்தால், அந்தக் காகிதத்துக்கு அந்த சென்டரின் வாசல் வரைதான் மதிப்பு.

பக்கத்திலேயே இருக்கு ஐ.டி.ஐ.

கிண்டி, வடசென்னை, அம்பத்தூர், திருவான்மியூர் என்று சென்னையிலேயே அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. கிண்டியில் பெண்களுக்குத் தனி ஐ.டி.ஐ. உண்டு. கல்விக் கட்டணம் கிடையாது. ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. பத்தாவதில் கோட்டை விட்ட பையனுக்கும் இடம் உண்டு. வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு 8-ம் வகுப்பு பாஸ் போதும்.

பத்தாவது முடித்து 2 வருட ஐ.டி.ஐ. படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக 2-ம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து என்ஜினீயரிங் 2-ம் ஆண்டுக்கும் போகலாம். 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண், 2024-ல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் ரூ.1,000 என்று அறிவித்தபோது ஐ.டி.ஐ.யும் அதில் சேர்த்தி. 71 அரசு ஐ.டி.ஐ.களில் புது மெஷின்கள் போட 2022-ல் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தமும் போடப்பட்டது.

பிறகு ஏன் ஜனங்க மாடிப்படி ஏறுகிறார்கள்?

ஒன்று, "ஐ.டி.ஐ.யா?" என்று மூக்கைச் சுளிக்கும் சொந்தக்காரர்கள். அதைக்கூட விட்டுவிடலாம். பெரிய காரணம் வேறு. ஐ.டி.ஐ.யில் பகல் முழுக்க வகுப்பு. அட்மிஷன் நேரத்தைத் தவற விட்டால் பெரும்பாலும் அடுத்த வருஷம்தான். பகலில் துணிக்கடையில் நிற்கும் பெண்ணும், காலையில் பேப்பர் போட்டுவிட்டு மெக்கானிக் ஷாப்புக்கு ஓடும் பையனும் எப்படிப் போவார்கள்? தனியார் சென்டர் மாலை 6 மணிக்கும் வகுப்பு நடத்துகிறது, எந்த மாதமும் சேர்த்துக்கொள்கிறது. அரசு விட்டு வைத்த அந்த இடைவெளியில்தான் இவர்கள் கல்லா கட்டுகிறார்கள். அரசு ஐ.டி.ஐ. கட்டிடங்களில் மாலை நேர வகுப்புகளைப் பெரிய அளவில் நடத்தினாலே பாதி போர்டுகள் தானாக இறங்கிவிடும்.

தனியார் ஐ.டி.ஐ.யில் சேர்க்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கீகாரம் மொத்தமாக ஸ்கூலுக்குக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். பிட்டருக்கு அனுமதி வாங்கிவிட்டு, அனுமதி இல்லாத இன்னொரு பிரிவையும் அதே போர்டின் கீழ் நடத்தினால் தேசியச் சான்று வராது. சந்தேகம் இருந்தால் கிண்டியில் உள்ள வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆபீசில் பிரிவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பணம் போய்விட்டதா?

2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் சென்டர் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. வேலை நிச்சயம், தேர்ச்சி நிச்சயம் என்று பொய் விளம்பரம் செய்யக் கூடாது. பாஸ் செய்தவரின் போட்டோவை அவர் எழுதிக் கொடுக்காமல் போடவும் கூடாது.

கோச்சிங் சென்டர்கள் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், நர்சிங் மாதிரி தொழிற்படிப்பு நடத்தும் கல்வி நிறுவனங்கள் இதில் வராது என்றும் சொல்லிவிட்டது. இந்த ஓட்டையைத் தெரிந்து வைத்திருக்கும் சிலர், விளம்பரத்தில் 'கோச்சிங்' என்றும் வழக்கு வந்தால் 'கல்வி நிறுவனம்' என்றும் பேசுவார்கள்.

முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டிய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம்.

ஆனால் கையில் ரசீது வேண்டும். பல சென்டர்களில் ரசீது கேட்டால், "மேனேஜர் வெளியே போயிருக்காரு, நாளைக்கு வாங்க" என்று சொல்வது சும்மா இல்லை!