அம்புக்கு அபராதம், எய்தவனுக்கு போனஸ்!

அமெரிக்காவில் 2007, 2008-ல் நடந்த வீட்டுக் கடன் கூத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ஒரு வில்லனைத் தயாராக வைத்திருக்கிறார்கள். கோட்டு, டை, கையில் ஒரு ஃபைல். வேலைவெட்டி இல்லாதவனையும் பிடித்து உட்காரவைத்து, "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க சார், மீதியை நான் பார்த்துக்கறேன்" என்று கடனைத் தலையில் கட்டிய ஏஜென்ட். அவனுடைய பேராசையால் லேமென் பிரதர்ஸ் கவிழ்ந்தது, உலகமே ஆட்டம் கண்டது. கதை முடிந்தது, சுபம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும்கூட. அந்தப் பாதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். சம்பளச் சீட்டே கேட்காமல், கடன் வாங்குபவர் வாயால் சொன்ன வருமானத்தை அப்படியே எழுதிக்கொண்டு லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 'பொய்யர் கடன்' என்று அந்தத் தொழிலில் இருந்தவர்களே அதற்குச் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். வருமானத்தை ஏஜென்ட்டே கூட்டி எழுதியதும் உண்டு. வீட்டுக் கடன் மோசடி பெருகுகிறது என்று 2004-லேயே எஃப்.பி.ஐ. பகிரங்கமாக எச்சரித்தது. ஃப்ளோரிடா மாநிலத்தில் 2000 முதல் 2007 வரை குற்றப் பின்னணி உள்ள 10,000-க்கும் அதிகமானவர்கள் இந்தத் தொழிலில் புகுந்திருந்ததை 'மயாமி ஹெரால்ட்' பத்திரிகை 2008-ல் அம்பலப்படுத்தியது. திருடன் திருடன்தான். அவனுக்காக நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை.

என் கேள்வி வேறு. அதே தொழிலில் திருடாமல் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்து மேஜையில் இரண்டு ஏஜென்ட்டுகள். ஒரு நர்ஸ் வருகிறார். இரண்டு லட்சம் டாலர் கடன் வேண்டும், 30 வருடத் தவணை. அவருடைய சம்பளத்துக்கும் கடன் சரித்திரத்துக்கும் 6 சதவிகித வட்டியிலேயே கடன் கிடைக்கும். மாதம் 1,199 டாலர் கட்டினால் போதும். முதல் மேஜைக்காரர் அதைத்தான் சொல்கிறார். அவருக்கு வழக்கமான கமிஷன்.

இரண்டாவது மேஜைக்காரர், "உங்களுக்கு ஏழரைதாம்மா கிடைக்கும்" என்கிறார். மாதம் 1,398 டாலர். வித்தியாசம் 199 டாலர்தானே என்று தோன்றும். 30 வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள், சுமார் 72,000 டாலர்! ஏழரையை நர்ஸ் தலையில் கட்டியதற்காக, வழக்கமான கமிஷனுக்கு மேல் கடன் கொடுத்த நிறுவனமே இந்த ஏஜென்ட்டுக்குத் தனியாகப் பணம் கொடுத்தது. தகுதிக்கு மேல் எத்தனை வட்டி விற்கிறாயோ, அத்தனை கூலி.

இது மேஜைக்கு அடியில் கைமாறிய லஞ்சம் இல்லை. 'யீல்ட் ஸ்ப்ரெட் பிரீமியம்' என்று கௌரவமான பெயர் வைத்து, அன்றைய சட்டம் அனுமதித்து, கடன் பத்திரத்தோடு வரும் காகிதங்களிலேயே அச்சடித்துக் கொடுக்கப்பட்ட தொகை. அந்தக் காகிதக் கட்டை யார் படித்தார்கள்?

மாதக் கடைசியில் மேலாளர் யாரைக் கூப்பிட்டுப் பாராட்டுவார்? யாரைக் கூப்பிட்டு, "ஏன்யா டார்கெட் வரலை?" என்பார்? முதல் மேஜைக்காரர் உத்தமர்தான். ஆனால், அவருக்கும் வீட்டு வாடகை உண்டு, பிள்ளைகளுக்கு ஃபீஸ் உண்டு. ஒன்று அவரும் ஏழரைக்கு மாறவேண்டும், அல்லது மேஜையைக் காலி பண்ணவேண்டும். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, 'பேராசை பிடித்த ஏஜென்ட்டுகள்' என்று பிறகு புலம்புவது எந்த ஊர் நியாயம்?

கடன் திரும்பி வராவிட்டால் நிறுவனத்துக்குத்தானே நஷ்டம், அது எப்படிச் சம்மதித்தது என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். நிறுவனம் அந்தக் கடனைக் கையில் வைத்துக்கொள்ளவே இல்லை. கொடுத்த சூட்டோடு வால் ஸ்ட்ரீட்டுக்கு விற்றுவிட்டது. அவர்கள் ஆயிரக்கணக்கான கடன்களைக் கட்டி, பத்திரமாக்கி, உலகம் முழுக்க விற்றார்கள். முதல் இரண்டு வருடம் குறைந்த வட்டி, அடுத்த 28 வருடம் மாறும் வட்டி என்று ஒரு வகைக் கடன் சக்கைப்போடு போட்டது. மூன்றாவது வருடம் தவணை எகிறும்போது அந்தக் கடன் யாரோ ஒருவருடைய தலைவலி.

மேலே இருந்தவர்களுக்குத் தெரியாமல் கீழே நடந்துவிட்டது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். தெரியும். சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டே சொன்னார்கள்.

கடன் கொடுக்கும் முன் வீட்டின் விலையை மதிப்பிடுபவர்கள் இருக்கிறார்கள் இல்லையா? 'வேண்டிய விலையைப் போட்டுக்கொடு என்று எங்களை நெருக்குகிறார்கள். நேர்மையாக மதிப்பிடுபவர்களைக் கறுப்புப் பட்டியலில் வைத்து, தலையாட்டுபவர்களுக்கே வேலை கொடுக்கிறார்கள்' என்று ஒரு மனு எழுதி, தங்கள் பெயர், முகவரியோடு வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் 11,000 பேர்! 2000-ல் தொடங்கி 2007 வரை ஓடிய மனு அது. நெருக்கடியை விசாரிக்க அமெரிக்க அரசு அமைத்த கமிஷன், 2011 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் இதைப் பதிவுசெய்திருக்கிறது. இந்த 11,000 பேரின் பிழைப்பும் அதே கடன் நிறுவனங்கள் தரும் வேலையில்தான் இருந்தது. தெரிந்தும் முகவரி எழுதினார்கள். அவர்களைப் பற்றி ஒரு ஹாலிவுட் படம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அதே அறிக்கையில் இன்னொரு தகவல். வால் ஸ்ட்ரீட் வங்கிகள் வாங்கப்போகும் கடன்களை மாதிரிக்கு எடுத்துச் சோதிக்க கிளேட்டன் என்ற நிறுவனம் இருந்தது. 2006 ஜனவரி முதல் 2007 ஜூன் வரை சோதித்த கடன்களில் 28 சதவிகிதம் ஃபெயில் என்று எழுதிக் கொடுத்தார்கள். வங்கிகள் என்ன செய்தன? ஃபெயிலானவற்றில் 39 சதவிகிதத்தை 'பரவாயில்லை' என்று சேர்த்துக்கொண்டன. வாத்தியார் ஃபெயில் போட, ஹெட்மாஸ்டர் பாஸ் போட்ட கதை!

அப்புறம் இடி விழுந்தது. கலிஃபோர்னியாவின் நியூ செஞ்சுரி நிறுவனம் 2007 ஏப்ரலில் திவால் மனு கொடுத்த அன்றே 3,200 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதே ஆகஸ்டில் அமெரிக்கன் ஹோம் மார்ட்கேஜ் சுமார் 7,000 பேரை அனுப்பியது. உத்தமரும் போனார், ஏழரையும் போனார். ஃபைல் அடுக்கியவர், போன் எடுத்தவர், எல்லோரும் போனார்கள். 2011 தொடக்கத்துக்குள் சுமார் 40 லட்சம் குடும்பங்கள் வீட்டை இழந்திருந்தன.

மேல் மாடியில்? கன்ட்ரிவைட் நிறுவனத்தின் தலைவர் ஏஞ்சலோ மொஸிலோ. தன் நிறுவனம் விற்ற ஒரு வகைக் கடனை விஷம் என்று அவரே 2006-ல் இ-மெயிலில் எழுதியிருந்தார். வெளியே வேறு பேச்சு. உள்விவரம் தெரிந்தே பங்குகளை விற்றுச் சுமார் 14 கோடி டாலர் லாபம் பார்த்தார் என்பது பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பின் குற்றச்சாட்டு. 2010 அக்டோபரில் 6.75 கோடி டாலர் கட்டி சமாதானமாகப் போனார், தப்பு செய்தேன் என்று ஒப்புக்கொள்ளாமலே. அதிலும் 2 கோடியைக் கட்டியது அவர் இல்லை, கம்பெனி. 2023-ல் இறக்கும்வரை அவர் மேல் கிரிமினல் வழக்கே வரவில்லை. இந்தக் கடன் பத்திரங்களுக்கெல்லாம் ஜாமீன் நின்று கவிழ்ந்த ஏ.ஐ.ஜி. நிறுவனம், அரசிடமிருந்து 17,000 கோடி டாலருக்கு மேல் உதவி பெற்றபிறகு, 2009 மார்ச்சில், நஷ்டத்தை உண்டாக்கிய அதே பிரிவுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது!

தேன் எடுப்பவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். இங்கே நக்கியவனைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். அடையோடு தூக்கிக்கொண்டு போனவனுக்கு வழி விட்டார்கள்.

சட்டமும் வந்தது. 2008 ஜூலையில் வந்த சட்டப்படி ஏஜென்ட்டுகள் கைரேகை கொடுக்கவேண்டும், 20 மணி நேரம் வகுப்புக்குப் போகவேண்டும், பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கவேண்டும். நல்லதுதான், தவறே இல்லை. ஆனால், வங்கியில் உட்கார்ந்து அதே கடனைக் கொடுப்பவருக்குப் பரீட்சை கிடையாது. பதிவு செய்துகொண்டால் போதும். ஃபெயிலான கடனை பாஸாக்கிய மேலதிகாரிக்கோ, எந்தப் பரீட்சையும் கிடையாது.

2011 ஏப்ரலில் இன்னொரு விதி. தகுதிக்கு மேல் வட்டி விற்றால் கூலி என்ற அந்த ஏழரைக் கமிஷனைத் தடைசெய்தார்கள். இதுதான் பெரிய ஒப்புதல் வாக்குமூலம். ஏஜென்ட்டின் குணம்தான் கோளாறு என்றால், கூலி கொடுக்கும் முறையை எதற்கு மாற்றவேண்டும்? கோளாறு எங்கே இருந்தது என்று அவர்களுக்கே தெரியும். வீடுகள் ஏலம் போனபிறகு தெரிந்ததுதான் சோகம்.

"அமெரிக்காக்காரன் பாடு, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். முதலில் குறைந்த வட்டி, பிறகு ஏறும் வட்டி என்ற 'டீசர்' கடன் நம் நாட்டிலும் வந்தது. 2009-ல் ஸ்டேட் வங்கி முதல் வருடத்துக்கு 8 சதவிகிதம் என்று ஆரம்பித்தது. 2010 நவம்பரில் ரிசர்வ் வங்கி, இந்த வகைக் கடனுக்கு வங்கிகள் ஒதுக்கிவைக்கவேண்டிய தொகையை 0.4 சதவிகிதத்திலிருந்து 2 சதவிகிதமாக உயர்த்தி பிரேக் போட்டது. நம் ஊரில் விபத்து நடக்கவில்லை. ஆனால், கடன் கை மாறிய உடனே, கடன் தொகையில் இத்தனை சதவிகிதம் என்று ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கம் இங்கேயும் இருக்கிறது. கடன் பெரிதானால் கமிஷனும் பெரிது. நீங்கள் அதைக் கட்டி முடித்தீர்களா என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை.

கமிஷனில் பாதியையாவது, ஐந்து வருடம் தவணை ஒழுங்காக வந்தபிறகு கொடுத்துப் பாருங்கள். முதல் மேஜைக்காரருக்கு உயிர் வரும். இரண்டாவது மேஜைக்காரரும் உத்தமராகிவிடுவார்!

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்தமுறை வீட்டுக் கடனுக்காக ஒருவர் எதிரே உட்காரும்போது, வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "இந்தக் கடனை எனக்குக் கொடுத்தா, உங்களுக்கு யாரு சார் எவ்வளவு தர்றாங்க?" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். தவணை கட்டப்போவது நீங்கள்தானே?