அம்பை எடை போட்டுப் பாருங்கள்!



போன வாரம் கிரவுண்டில் ஒரு சண்டை. "லேசான அம்பு வாங்குடா, சும்மா பறக்கும்" என்று ஒரு கட்சி. "கனமா இருந்தாத்தான் காத்துல ஆடாது" என்று இன்னொரு கட்சி. என் கருத்தை எழுதுகிறேன். யாரும் கோபப்படாதீங்க!

லேசான அம்பு வேகமாகப் போகும், உண்மைதான். ஆனால் ரொம்ப லேசாக இருந்தால் நாண் கொடுக்கும் சக்தி முழுவதும் அம்புக்குப் போகாது. மிச்சம் வில்லையே உலுக்கும், வில் வெடித்துவிடவும் கூடும். கம்பவுண்டு வில்லில் இழுவிசை ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் குறையக் கூடாது என்பார்கள். 40 பவுண்டு வில்லென்றால் 200 கிரெயின், அதாவது சுமார் 13 கிராம். மர வில்லுக்கு இன்னும் அதிகம் வேண்டும்.

சிலர் யூடியூப்பில் வெளிநாட்டு வேட்டைக்காரர்களைப் பார்த்துவிட்டுக் கனமான அம்பு கேட்கிறார்கள். அது மிருகத்தின் உடம்பில் ஆழமாக இறங்குவதற்கு! நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். நமக்கு இலக்கு அட்டைதானே? ஒலிம்பிக்கில் 70 மீட்டர். அங்கே காற்று பிடிக்காத மெல்லிய கார்பன் அம்பு. 18 மீட்டர் உள்ளரங்கில் பலர் தடித்த அம்பை எடுக்கிறார்கள், கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி கிடைக்குமே! அதற்கும் 9.3 மில்லிமீட்டர் என்று வரம்பு உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால், லேசா கனமா என்பதைவிட எல்லா அம்பும் ஒரே எடையா என்பதுதான் முக்கியம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. அப்பாவின் சிப்காட் கம்பெனி போனஸில் நாலு அம்பு வாங்கினேன். பிறகு ஒரு அண்ணாவிடம் பழைய அம்பு இரண்டு. 30 மீட்டரில் நாலு அம்பு நடுவில், இரண்டு மட்டும் நாலு விரல் கீழே. "கை ஆடுது" என்றார்கள். நானும் நம்பினேன். மாவட்டத் தேர்வில் பெயர் வரவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் ஆறையும் பஜார் நகைக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணா சிரித்துக்கொண்டே தெலுங்கில், "இதேமன்னா பங்காரமா?" என்றார். "தங்கம் இல்லைங்கண்ணா, அம்பு" என்றேன். தராசில் வைத்தார். அந்த இரண்டு மட்டும் ஒன்றரை கிராம் அதிகம். முனை வேறு! கை ஆடவே இல்லை.

அடுத்த மாதம் பள்ளிக்குப் புது அம்பு வாங்கப் போகிறார்களாம். பி.டி. சார் அவர்களே, கூடவே ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசும் வாங்கித் தாருங்கள். ஒவ்வொரு அம்பையும் எடை போட்டு நம்பர் எழுதும் வேலையை நானே செய்கிறேன்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்