கொம்பை எண்ணிக் குலத்தைத் திருத்துவோர்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்துத் தென்பகுதியில், முட்புதர் அடர்ந்த வறண்ட சமவெளியை ஆயிரக்கணக்கான ஏக்கர் அளவில் வேலியிட்டு வளைத்திருக்கும் மாட்டுப் பண்ணைகளில், நவம்பர் தொடங்கி ஜனவரி வரை நடக்கும் வெண்வால் மான் வேட்டையின்போது, பணம் கட்டி வந்த விருந்தாளி எந்த ஆண்மானைச் சுடலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம், பரண்மேல் அவருக்குப் பக்கத்தில் பைனாகுலரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் வழிகாட்டியிடம் இருக்கிறது. அந்த வழிகாட்டி பார்ப்பது பெரும்பாலும் கொம்பைத்தான். அதில் கிளைக்கும் கவர்கள் எத்தனை, தண்டின் நீளம் எவ்வளவு, இரண்டு தண்டுகளுக்கும் இடைப்பட்ட அகலம் விறைத்த காதுகளின் நுனியைத் தாண்டுகிறதா என்று அரை நிமிஷத்துக்குள் மதிப்பிட்டு, எதிரே நிற்கும் பிராணியை மூன்று ஜாதிகளுள் ஒன்றில் சேர்த்துவிடுகிறார். முதலாவது, சுவரில் மாட்டத் தகுந்த 'ட்ராஃபி'. இரண்டாவது, இன்னும் சில வருஷம் வளரட்டும் என்று விடப்படுவது. மூன்றாவதற்குக் 'கல் பக்' என்று பெயர், அதாவது மந்தையிலிருந்து கழித்துவிட வேண்டிய ஆண்மான். முதல் இரண்டைப் பற்றி எனக்கு அதிக வழக்கில்லை. மூன்றாவதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

கொம்பில் குறையுள்ள ஆண்மான்களைக் களையெடுத்து வந்தால், மந்தையின் ரத்தம் சுத்தியடைந்து, வருங்காலச் சந்ததிகளெல்லாம் கம்பீரமான கொம்புகளோடு வளரும் என்பது அங்குள்ள வேட்டைக்காரர்களிடையே தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிவரும் சித்தாந்தம். இதைச் சொல்பவர்கள் பாமரர்கள் அல்லர். நிலமும் படிப்பும் அனுபவமும் உள்ளவர்கள். ஆகையினால்தான் இது மறுக்கப்பட வேண்டிய அவசியம் ஏற்படுகிறது. மான் இறைச்சி வேண்டும் என்று ஒருவர் மானைச் சுட்டால் அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. அனுமதிச் சீட்டு வாங்கி, சட்டம் விதித்த எண்ணிக்கைக்குள் அவர் தம் காரியத்தைச் செய்துகொள்ளட்டும். ஆனால், சுடும் ஆசைக்குச் சுடுவதாகச் சொல்லாமல், மான் வம்சத்துக்குத் தொண்டு செய்வதாகச் சொல்லிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கும் அந்தப் பாவனையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில், கொம்பு என்பது என்ன என்று பார்ப்போம். வெளிமானின் கொம்பைப்போலவோ மாட்டின் கொம்பைப்போலவோ ஒருமுறை முளைத்தால் இறுதி வரை நிலைத்திருப்பதல்ல அது. நம் கடமானுக்கும் புள்ளிமானுக்கும் உள்ளதுபோலவே, வெண்வால் மானுக்கும் கொம்பு உதிர்ந்து உதிர்ந்து புதிதாக முளைப்பது. வேட்டைக்காலம் முடியும் தறுவாயில் விழுந்து, வசந்தத்தில் மெல்லிய வெல்வெட்டுத் தோல் போர்த்தி அரும்பி, கோடையின் நாலு மாதங்களுக்குள் முழு எலும்பாக இறுகி நிற்கிற இந்தப் பொருள், உயிரினங்களின் உடலில் மிக வேகமாக வளரும் திசுக்களுள் ஒன்று; வளரும் வேகத்துக்கு ஆகாரத்திலிருந்து சுண்ணாம்புச் சத்துப் போதாதபோது மான் தன் விலா எலும்புகளிலிருந்தே அதைக் கடன் வாங்குகிறது. அந்த வருஷத்து மழை, அந்தப் புதரின் தழை, அந்த மானின் வயது, அது பட்ட காயம் எல்லாம் சேர்ந்தே ஒரு கொம்பு உருவாகிறது. பரம்பரைக்கு அதில் பங்கில்லை என்று சொல்லவில்லை, பங்கு உண்டு. ஆனால் பரணிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு அந்தப் பங்கு மட்டும் தனியே பிரிந்து தெரிவதில்லை.

வயதை எடுத்துக்கொள்வோம். ஆண்மானின் கொம்பு ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் பூரண வளர்ச்சி அடைகிறது. ஒன்றரை வயதில் முதன்முதலாக முளைக்கும் கொம்பு, சராசரியாக, பின்னால் வரப்போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இந்த முதற்கொம்பு சில குட்டிகளுக்குக் கவர் விடாமல் இரண்டு ஆணிகளைப்போல் நிற்கும். 'ஸ்பைக்' என்று ஏளனமாக அழைக்கப்படும் இந்தப் பாலகர்களே களையெடுப்புக்கு முதற்பலி. டெக்ஸாஸ் அரசின் கெர் வனவிலங்குப் பண்ணையில் 1970களில் தொடங்கிய அடைப்பு ஆராய்ச்சி, ஸ்பைக்காகத் தொடங்கிய மான்கள் பிற்காலத்திலும் சராசரியில் சற்றுப் பின்தங்கியே இருந்தன என்று கண்டதும், 'ஒருமுறை ஸ்பைக் என்றால் என்றும் ஸ்பைக்தான்' என்ற பழைய வாக்கியத்துக்கு விஞ்ஞான முத்திரை கிடைத்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்தார்கள். அடைப்புக்குள் ஒரே தீவனம் தின்று, தகப்பன் இன்னதென்று எழுதிவைத்து வளர்க்கப்பட்ட மான்களின் கதை அது என்பதை அவர்கள் மறந்தார்கள். அடைப்புக்கு வெளியே, தெற்கு டெக்ஸாஸின் காட்டு மான்களை ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசிப் பிடித்து, அடையாளமிட்டு விட்டு, வருஷந்தோறும் மறுபடி பிடித்து அளந்த பென் கோர்த், ஜேம்ஸ் க்ரோல் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 2008இல் வெளியிட்ட முடிவு வேறு: ஒன்றரை வயதில் மூன்று கவருக்கு மேல் இல்லாதிருந்தவையும், அந்த வயதிலேயே பல கவர்களோடு ஜொலித்தவையும், நாலரை வயதை எட்டியபோது பேதம் காண முடியாதபடி சமமாகிவிட்டன. பருவம் தப்பிப் பிறந்த குட்டி, பஞ்ச வருஷத்தில் பால் வற்றிய தாயின் குட்டி, முதற்கொம்பில் சோடை போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? தாமதமாகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளையை மக்கு என்று தீர்மானித்து வெளியே தள்ளும் வாத்தியாரின் நியாயந்தான் இது. வித்தியாசம், அந்தப் பிள்ளை வீட்டுக்காவது திரும்பிப் போக முடியும்.

ஒரு பக்கம் நன்றாக வளர்ந்து மறுபக்கம் கோணிப்போன கொம்புள்ள மானும் 'கெட்ட ரத்தம்' என்ற குற்றச்சாட்டுக்குத் தப்புவதில்லை. பின்னங்காலில் பலத்த அடிபட்ட மானுக்கு எதிர்ப்புறத்துக் கொம்பு கோணலாக முளைப்பது மான்களைக் கவனிக்கும் எவரும் அறிந்த விஷயம். கொம்பு முளைக்கும் மண்டையோட்டு மேடையில் சண்டையில் காயம் பட்டாலும் அப்படித்தான். வேலி தாண்டும்போது கால் முறிந்ததற்கு எந்தத் தகப்பனைக் குறை சொல்வது? ஆனால் இரண்டு பக்கமும் ஒத்திருப்பதே அழகு என்ற எண்ணம் அங்கே சாஸ்திரமாகவே ஆகிவிட்டது. தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் சங்கம் 1950இல் வகுத்த அளவுமுறையில், தண்டின் நீளம், ஒவ்வொரு கவரின் உயரம், நான்கு இடங்களில் சுற்றளவு, உள் அகலம் எல்லாம் அங்குலத்தில் கூட்டப்பட்டு, சீர்வடிவப் பிரிவில் இடமும் வலமும் ஒவ்வாத அளவு கழிக்கப்படுகிறது. மான் பாடுபட்டு வளர்த்த எலும்பை நாடாவால் அளந்து, பிறகு அதையே அபராதமாகப் பிடித்துக்கொள்ளும் இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தோன்றும். சீரற்ற கொம்புகளுக்கு அதே சங்கம் வேறு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலின் தலைப்பில் உள்ள இரண்டு வெண்வால் மான்களையும், அதாவது 1981இல் மிஸ்ஸௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் கவுண்டியில் கிடைத்த 333 அங்குலத்துக்கும் மேற்பட்ட கொம்பையும், 1940இல் ஒஹையோவில் கிடைத்த 328 அங்குலக் கொம்பையும் தாங்கியிருந்தவற்றை, எந்த வேட்டைக்காரரும் சுடவில்லை. இரண்டும் செத்துக் கிடந்தவை. பொறுக்கி எடுக்கும் கண்களுக்கு அகப்படாமல் அவை அத்தனை காலம் வாழ்ந்தன என்பதை இந்தச் சித்தாந்தக்காரர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மாட்டுக்கொட்டிலிலிருந்து வந்தது என்பேன். தெற்கு டெக்ஸாஸ் மாட்டு நாடு. அங்குள்ள கிங் பண்ணையில், இந்திய வம்சத்துப் பிராமன் மாடுகளை ஷார்ட்ஹார்ன் மாடுகளோடு கலந்து, 1920இல் பிறந்த 'மங்கி' என்ற ஒரே காளையின் வாரிசுகளைக் கொண்டு, வெயிலுக்கு அஞ்சாத சான்டா கெர்ட்ரூடிஸ் என்னும் புதிய ஜாதியை உருவாக்கி, 1940இல் அரசாங்க அங்கீகாரமும் பெற்றார்கள். வேண்டாத காளைகளைக் கழித்து, வேண்டிய ஒன்றை நிறுத்தி, பசுக்களையும் தேர்ந்து விட்டால் இனம் திருந்துகிறது என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள், அதே வேலிக்குள் மேயும் மானுக்கும் அதே சட்டம் பொருந்தும் என்று எண்ணியதில் வியப்பில்லை. பிசகு என்னவென்றால், மான் கூட்டத்தில் ஒரு மங்கி கிடையாது. பெண்மான்களுக்குப் பருவம் வருவது ஏறக்குறைய ஒரே சமயத்தில்; ஓர் ஆண்மான் ஒரு பெண்மானோடு ஒன்றிரண்டு நாள் ஒட்டித் திரிய வேண்டியிருக்கிறது. அதற்குள் மற்றவை மற்றவற்றோடு சேர்ந்துவிடுகின்றன. மரபணுக்களைச் சோதித்துத் தகப்பனைக் கண்டறிந்த ஆய்வுகளில், எந்த ஆண்மானும் ஒரு வருஷத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டிகளுக்கு மேல் தகப்பனாவது அபூர்வம் என்றும், முதிர்ந்த ஆண்கள் இருக்கும்போதே ஒன்றரை வயதுப் பொடியன்களும் இனம் பெருக்குகின்றன என்றும், ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைக் குட்டிகளுக்கு இரண்டு தகப்பன்மார் இருப்பதுண்டு என்றும் தெரியவந்திருக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு வயது கடந்த ஆண்குட்டிகளில் பெரும்பாலானவை பிறந்த இடத்தைவிட்டு மைல் கணக்கில் வேறு இடம் போய்விடுகின்றன. நம் வேலிக்குள் நாம் திருத்திய ரத்தம் அடுத்தவர் வேலிக்குள் போய்ச் சேருகிறது, அவர் திருத்தாதது நம்மிடம் வருகிறது.

இவ்வளவுக்கும் மேலாக, பெண்மான் இருக்கிறது. குட்டியின் பரம்பரையில் சரிபாதி அவளுடையது. அவளுக்குக் கொம்பில்லை, அவள் எந்தக் கொம்பின் வித்தைத் தாங்கி நிற்கிறாள் என்பதைப் பரண்மேல் இருக்கும் எந்த மேதாவியும் பார்த்துச் சொல்ல முடியாது. குலத்தைத் திருத்தும் இந்த மகா காரியத்தில் பாதிக் குலம் கண்ணைக் கட்டிக்கொண்டு கடந்து போகப்படுகிறது.

அவள் தருவது ரத்தம் மட்டுமல்ல. மிஸ்ஸிஸிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தார், வளமான டெல்டா மண்ணிலிருந்தும், சாரமற்ற கடற்கரைச் சமவெளியிலிருந்தும் மான்களைக் கொண்டுவந்து ஒரே மாதிரியான சத்துள்ள தீவனம் கொடுத்து வளர்த்தபோது, சோனிப் பிரதேசத்து மான்கள் முதல் தலைமுறையில் ஓரளவும், அவற்றின் குட்டிகள் அதைவிட நன்றாகவும் தேறின. தாய் பட்டினி கிடந்த காலத்தின் நிழல் மகனின் கொம்பில் விழுகிறது. அந்த நிழல் நீங்க ஒரு தலைமுறை நல்ல ஆகாரம் வேண்டியிருக்கிறது. இதைப் பார்த்த பிறகும், ஏழை மண்ணில் வளர்ந்த மானின் சிறு கொம்பைக் காட்டி 'பிறவிக் குறை' என்பவரை என்ன சொல்வது!

இவையெல்லாம் யூகம், நேரில் செய்து பார்த்தால் பலிக்கும் என்று வாதிடுகிறவர்களுக்கும் பதில் உண்டு, ஏனென்றால் செய்தே பார்த்துவிட்டார்கள். தெற்கு டெக்ஸாஸின் கமான்சி பண்ணையில், கிங்ஸ்வில் நகரத்து சீசர் க்ளீபர்க் வனவிலங்கு ஆராய்ச்சி நிலையத்தார் 2006இல் தொடங்கி, ஒரு பகுதியில் கடுமையாகவும், இன்னொன்றில் மிதமாகவும் களையெடுத்து, மூன்றாவதை ஒன்றும் செய்யாமல் விட்டுவைத்து, ஆயிரக்கணக்கான தடவை மான்களை வலையில் பிடித்து அளந்தார்கள். எந்தத் தனியார் பண்ணையிலும் ஒரு வழிகாட்டியும் ஒரு விருந்தாளியும் வருஷத்துக்குச் சில மான்களைச் சுட்டுச் சாதிக்க நினைப்பதை, அவர்கள் ஹெலிகாப்டரும் அளவு நாடாவும் கொண்டு பல வருஷம் தயவுதாட்சண்யமின்றிச் செய்தார்கள். கொம்புகள் பெருக்கவில்லை. கடுமையாகக் களையெடுத்த பகுதியில் நடந்தது வேறு: மழை பொய்த்த வருஷங்களில் இளம் ஆண்மான்களில் மிகப் பல களையெடுப்புக்கு வைத்த அளவுக்குக் குறைந்து போனமையால், விதியை விடாமல் பின்பற்றியதன் பயனாக, ஆண்மான்களே அருகிப்போயின.

கவரை எண்ணுவதில் உள்ள இன்னொரு விபரீதத்தை மிஸ்ஸிஸிப்பி அரசாங்கம் பெரிய அளவில் அனுபவித்தது. சின்ன மான்களைக் காப்பாற்றுவோம் என்ற நல்லெண்ணத்துடன், நாலு கவருக்குக் குறைந்த ஆண்மானைச் சுடக்கூடாது என்று 1995இல் மாநிலம் முழுவதற்கும் விதி செய்தார்கள். கவர் எண்ணிக்கை வயதைக் காட்டும் என்ற அனுமானம் அதற்கு அடிப்படை. ஆனால் நல்ல மண்ணில் நன்றாகத் தின்று வளர்ந்த ஒன்றரை வயதுக் குட்டிக்கே நாலும் அதற்கு மேலும் கவர்கள் வந்துவிடுகின்றன. ஆகவே அந்த வயதுக்காரர்களில் தலைசிறந்தவை சட்டப்படி சுடப்பட்டன. நோஞ்சான்கள் சட்டப்படி காக்கப்பட்டன. சில வருஷங்களில் பல இடங்களில் முதிர்ந்த மான்களின் கொம்பு அளவு குறைந்திருப்பதைக் கண்டு, கடைசியில் 2009இல் கவர்க் கணக்கைக் கைவிட்டு, தண்டின் நீளத்துக்கும் உள் அகலத்துக்கும் மாறினார்கள்.

இத்தனை சாட்சியங்களுக்குப் பிறகும் நம்பிக்கை ஏன் சாகவில்லை? சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அது அனுகூலமாக இருப்பதனால்தான். சுவரில் மாட்டத்தக்க மானுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் பண்ணைக்காரர், அவ்வளவு கொடுக்க முடியாதவருக்கு, 'மேனேஜ்மென்ட் பக்' என்ற கௌரவமான பெயரில், குறைந்த விலைக்கு ஒரு மானை விற்க முடிகிறது. வாங்குகிறவருக்கோ, மலிவு விலை மானைச் சுட்டோம் என்ற குறை தெரியாமல், பண்ணையின் பரிபாலனத்தில் தாமும் கைகொடுத்தோம் என்ற திருப்தி கிடைக்கிறது. வழிகாட்டிக்கு நிபுணர் என்ற பட்டம். சுட்ட பிறகு தாடையைத் திறந்து பற்களின் தேய்வைப் பார்த்து வயது சொல்லும் முறையை செவரிங்ஹவுஸ் என்பவர் 1949இல் வகுத்துவைத்திருக்கிறார். இரண்டரை வயதுக்குமேல் அதுவும் தடுமாறும் என்றாலும், குட்டியையும் கிழவனையும் பிரித்துக் காட்ட அது போதும். 'இனி வளராத கிழம்' என்று சுடப்பட்ட மானின் வாயில் பாற்பல் அப்போதுதான் விழுந்த அடையாளம் தென்பட்டால், அந்தத் தாடையைப் பற்றி அன்றைய இரவுச் சாப்பாட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

பெரிய கொம்பு வேண்டும் என்பதே உண்மையான நோக்கமானால் அதற்கு வழி தெரியாமல் இல்லை. கழுத்தின் பருமனையும் நெஞ்சின் ஆழத்தையும் வயிற்றின் தொய்வையும் பார்த்து வயதைக் கணிக்கப் பழகி, இளையவற்றை, கொம்பு எப்படியிருந்தாலும், விட்டுவிட வேண்டும். மந்தை தழைக்குமேல் பெருகாதபடி பெண்மான்களைப் போதிய அளவு சுட வேண்டும். பிறகு நாலைந்து வருஷம் பொறுத்திருக்க வேண்டும். மான் நிபுணர்கள் இதை அரை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறார்கள். பெண்மானைச் சுட்டுப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள யாரும் முன்வருவதில்லை என்பதொன்றுதான் அந்த உபதேசத்தில் உள்ள குறை.