கட்டுகளை அவிழ்ப்பது யார்?



லாசருவைக் கல்லறையிலிருந்து எழுப்பினவர் கர்த்தர். ஆனால் அவன் கைகால்களைச் சுற்றியிருந்த சீலைகளை அவிழ்க்கும் வேலையை, அங்கே நின்றவர்களிடத்தில் ஒப்படைத்தார். யோவான் 11ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது நாம் அந்த அற்புதத்தோடு நின்றுவிடுகிறோம். அவிழ்த்தவர்களைக் குறித்து யோசிப்பதில்லை. குடிக்கு அடிமைப்பட்ட சகோதரர்கள் விஷயத்திலும் இப்படியே செய்கிறோம். உபவாச ஜெபத்தில் அவர்கள் பெயரைச் சொல்லி மன்றாடுகிறோம். ஒருவர் ஒரு மாதம் குடிக்காதிருந்தால், உடனே அவரைச் சாட்சி சொல்ல நிறுத்துகிறோம். மறுநாள் திங்கட்கிழமை, ஷிப்ட் முடிந்து அவர் வீடு திரும்பும் அந்த ஒரு மணி நேரத்துக்கு நம்மிடத்தில் ஒன்றும் இல்லை.

1935ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் அக்ரோன் நகரில் நடந்ததை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். குடியை விட்டு ஐந்து மாதமே ஆன பில் வில்சன் என்பவர், தொழிலில் தோல்வியுற்றுத் தனியே ஒரு ஓட்டலில் தங்கியிருந்தார். ஒரு பக்கம் மதுக்கூடம். மறுபக்கம் தொலைபேசியும் உள்ளூர்ச் சபைகளின் பட்டியலும். அவர் பட்டியலிலிருந்து வால்டர் டங்ஸ் என்ற போதகரை அழைத்து, தம்மைப் போன்ற ஒரு குடிகாரரோடு பேச வேண்டும் என்றார். அந்தப் போதகர் சில பெயர்களைக் கொடுத்தார். அவர்களில் ஒருவர் மூலமாகத் தேடல் தொடர்ந்து, மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரிடம் வந்து முடிந்தது. சில நிமிடங்கள் என்று தொடங்கிய பேச்சு பல மணி நேரம் நீடித்தது. ஜூன் 10 அன்று அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. அமைப்பு அந்த நாளையே தன் பிறந்தநாளாக எண்ணுகிறது. ஒரு போதகர் தொலைபேசியை எடுத்ததும், சரியான ஆளிடம் அனுப்பியதும் இதில் பெரிய பங்கு என்பேன்.

ஏ.ஏ. 1957இல் டெல்லியில் தொடங்கி நம் நாட்டிலும் பரவியது. அங்கே கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. அங்கே பேசப்படுவது வெளியே போகாது, பெயரும் போகாது. போதகர் பேசும்போது தலையசைத்துக் கேட்பவர், தம்மைப் போலவே விழுந்து எழுந்தவர் பேசும்போதுதான் தலை நிமிர்ந்து கேட்கிறார். முப்பது வருட ஊழியத்தில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆரம்ப கால உறுப்பினர்கள் யாக்கோபு நிருபத்தை விரும்பி வாசித்தார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை; குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுவதைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறதே!

நம் நாட்டிலும் ஊர் சேர்ந்து செய்த உதாரணம் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார்கள். பின்னாளில் அந்த மருத்துவமனை மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் ஊராரின் துணையோடு பதினைந்து நாள் முகாம்களை நடத்தியது. நோயாளி நகரத்துக்குப் போகாமல், சிகிச்சையே அவருடைய ஊருக்கு வந்தது.

சேதராப்பட்டு இதற்கு எதிரான ஊர் என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். உண்மைதான், தமிழக எல்லை அருகே இருப்பதும், விலை குறைவும், தொழிற்பேட்டைச் சம்பள நாளும் சேர்ந்து மதுக்கடைகளுக்கு வசதியாகிவிட்டன. நகரத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் பஸ் ஏறிப் போகிறவர் எத்தனை கடைகளைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது! ஆகையால்தான் நம் சபை மண்டபத்தை வாரம் ஒரு மாலை இப்படிப்பட்ட குழுவுக்குத் திறந்து கொடுக்கும்படி கமிட்டியை வேண்டியிருக்கிறேன். இந்துவும் முஸ்லிமும் வருவார்களே, கடவுளைத் தங்களுக்குப் புரிந்தபடி சொல்லிக்கொள்வார்களே என்று மூப்பர் ஒருவர் தயங்கினார். நியாயமான தயக்கம். ஆனால் முடக்குவாதக்காரனைக் கூரை வழியாக இறக்கிய நால்வரின் விசுவாச அறிக்கையை இயேசு சோதித்ததாக நான் வாசித்ததில்லை. நாம் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். யார் யார் உள்ளே போகிறார்கள் என்று ஜன்னலருகே நிற்கவும் கூடாது.

ஒரு எச்சரிக்கை. நெடுங்காலமாக அதிகமாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவரைப் பாயில் படுக்க வைத்து ஜெபித்துக்கொண்டே இருப்பது விசுவாசம் அல்ல. முதலில் ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ வேறு மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். போகும் வழியில் ஜெபியுங்கள். 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைத்தால் வழிகாட்டுவார்கள். அருகில் எங்கே ஏ.ஏ. கூட்டம் நடக்கிறது என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் கேட்கலாம்.

குடிப்பவருடைய வீட்டாருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் குழு உண்டு. அன்புச் சகோதரியே, கணவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். பாட்டிலைக் கவிழ்த்தும், கடனை அடைத்தும், முதலாளியிடம் பொய் சொல்லியும் களைத்துப்போன உங்களைப் போலவே அங்கே வருகிறவர்கள் இருப்பார்கள்.

கமிட்டி வருகிற மாதம் கூடுகிறது. அதற்குள் யாருக்காவது கூட்டம் தேவைப்பட்டால், ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வாருங்கள். பெயரை எங்கும் எழுத மாட்டேன். நகரத்துக்கு முதல் முறை போக ஒரு துணை வேண்டுமானால், என் ஸ்கூட்டரில் பின் இருக்கை இருக்கிறது.