கடைசிச் சீட்டுக்காரர் பணம் யார் பொறுப்பு?

மைசூர்: சம்பளம் வாங்கியதும் நம்மவர் பலர் முதலில் எடுத்து வைப்பது ஏலச்சீட்டுத் தவணையைத்தான். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்சம் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 27,000 தள்ளி எடுக்கிறார். நடத்துபவர் கமிஷன் 7,000 போக (5 சதவீத உச்சவரம்பை 2019-ல் 7 ஆக்கிவிட்டார்கள்!) தலைக்கு 1,000 கழிவு. முந்தி எடுப்பவருக்கு இது கடன், காத்திருப்பவருக்கே சேமிப்பு. சீட்டு நடுவில் முறிந்தால் கையைச் சுட்டுக்கொள்பவரும் அவரே.

1982-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டில், நடத்துபவர் முன்கூட்டியே சீட்டுத் தொகைக்கு ஈடு வைத்திருக்க வேண்டும். தெருச்சீட்டில் அது ஏது? கர்நாடக அரசின் எம்.எஸ்.ஐ.எல். நிறுவனமே சீட்டு நடத்துகிறது. ஜாமீனுக்கு அலைய வேண்டுமே என்றுதான் பலர் தெரிந்தவரிடம் போகிறார்கள். எடுத்தவர் பாக்கி வைத்தால் அந்த ஜாமீனைத்தான் பிடிக்க முடியும்.