வழக்கே விதிக்குத் தாய்: ஆங்கில இலக்கணக் கல்வி பற்றிச் சில கருத்துக்கள்

நமது பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் கற்பிக்கப்படும் முறை பற்றிப் பேசுவோர் நேரம் போதாமை, ஆசிரியர் பற்றாக்குறை, மாணவரின் ஊக்கமின்மை ஆகியவற்றையே குறைகளாக எடுத்துரைப்பர். இவை உண்மையான குறைகளே. ஆயினும் இவை யாவும் நீங்கிய பின்னரும் எஞ்சி நிற்கக்கூடிய குறையொன்று உண்டு. இலக்கணத்தை நாம் எங்கிருந்து பெறுகிறோம் என்பது பற்றியது அது. ஒரு மொழியை வழங்குவோரின் பேச்சிலும் எழுத்திலுமிருந்து இலக்கணத்தை வருவித்தல் ஒரு முறை. விதியை முதலிற் கூறி, அவ்விதிக்கெனவே புனைந்த வாக்கியங்களை உதாரணமாகக் காட்டுதல் மற்றொரு முறை. நம்மிடையே வேரூன்றியிருப்பது பின்னையது. அது மாணவரின் காலத்தை வீணாக்குவதுடன் அவர்களது அறிவுச் சுதந்திரத்தையும் பறிக்கின்றது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினை வாக்கியமாக மாற்றும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். பூனை எலியைக் கொன்றது. எலி பூனையாற் கொல்லப்பட்டது. எழுவாயாக நின்ற பூனை, 'பை' என்னும் சொல்லைத் துணைக்கொண்டு வாக்கியத்தின் ஈற்றுக்குச் செல்கிறது. பாடசாலைக் காலம் முழுவதும் இதனைப் பயின்றே நமது மாணவர் பல்கலைக்கழகம் வந்து சேர்கின்றனர். ஆனால் ஆங்கில வழக்கு யாது? றண்டோல்ப் குவேர்க்கும் அவருடன் மூவரும் எழுதி 1985 இல் வெளிவந்த விரிவான ஆங்கில இலக்கண நூல், செயப்பாட்டுவினை வாக்கியங்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு வினைமுதலைக் கூறாதனவே என எடுத்துக்காட்டுகின்றது. இதில் வியப்பில்லை. கரைசல் வெப்பமாக்கப்பட்டது என எழுதும் விஞ்ஞானிக்கு வெப்பமாக்கியவரின் பெயர் வேண்டப்படுவதில்லை. வரி உயர்த்தப்பட்டது எனக் கூறும் அரசாங்க அறிக்கைக்கோ உயர்த்தியவரைக் கூறாது விடுதல் வசதியாகவே இருக்கும். வினைமுதலை மறைத்தல் செயப்பாட்டுவினையின் தலையாய பயன்களுள் ஒன்று. நமது பயிற்சியோ அருகி வழங்கும் ஐந்திலொரு பங்கையே முழுமையென்று காட்டுகிறது. எப்பொழுது, எதற்காக ஒருவர் அவ்வடிவத்தைத் தெரிகிறார் என்னும் வினாவை அது எழுப்புவதேயில்லை.

இன்னொரு விதியை நோக்குவோம். உடன்பாட்டு வாக்கியத்தில் 'சம்' வரும். எதிர்மறையிலும் வினாவிலும் 'எனி' வரும் என்பர். ஆங்கிலச் செய்தித்தாளொன்றின் ஒரு பக்கத்தை ஊன்றிப் படிப்பவர் எந்த மாணவரும் விண்ணப்பிக்கலாம், எந்த நாளிலும் வரலாம் என்ற பொருளில் உடன்பாட்டு வாக்கியங்களிலும் 'எனி' வழங்கக் காண்பார். 'எதுவாயினும்' என்பதே அச்சொல்லின் உட்பொருள் என உணர்ந்தால், வினாவிலும் எதிர்மறையிலும் அது வருவதற்கான காரணமும் தானே விளங்கும். விதியை மனனம் செய்தவருக்கு இவ்விளக்கம் கிட்டாது. வழக்கைக் கண்டவருக்கே அது கிட்டும்.

வினைச்சொற்களின் அமைப்பிலே இவ்வுண்மை மேலும் தெளிவாகின்றது. தமிழில் ஒன்றைப் பற்றிக் கலந்துரையாடுகிறோம். ஆதலால் நமது மாணவர் 'டிஸ்கஸ்' என்னும் வினைக்குப் பின் 'அபவுட்' என்பதைச் சேர்த்து எழுதுகின்றனர். 'அட்வைஸ்' என்னும் வினை ஆளைச் செயப்படுபொருளாகக் கொள்வதால் 'சஜெஸ்ட்' என்பதும் அவ்வாறே கொள்ளும் எனக் கருதுகின்றனர். பொருள் ஒத்திருப்பினும் அமைப்பு ஒவ்வாமையைப் பொது விதி எதுவும் முன்கூட்டி உணர்த்தாது. இருபது உண்மை வாக்கியங்களை ஒருங்கே வைத்து நோக்கின் அது கண்ணிற்படும். அத்துடன், ஆராய்ச்சி எழுத்தில் 'சஜெஸ்ட்' என்பதற்கு ஆட்களைப் போலவே முடிவுகளும் சான்றுகளும் எழுவாயாக வருதலையும் மாணவர் காண்பர். ஆய்வுக்கட்டுரை எழுதவேண்டிய ஒருவருக்கு இதனினும் பயனுள்ள இலக்கண அறிவு வேறு யாது?

சொற்களின் அமைப்பு வெறும் தற்செயலன்று என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே ஜோன் சிங்கிளெயர் தலைமையில் உருவான கோபில்ட் ஆய்வுத் திட்டத்தினர் 1996 இல் வினைகளின் அமைப்புக்களை வகைப்படுத்தி வெளியிட்டனர். ஒரே அமைப்பில் வரும் வினைகள் பொருளாலும் சில குழுக்களாக அமைகின்றன என்பதை அவர்கள் காட்டினர். ஒருவரை ஒன்றைச் செய்யவைத்தலைக் குறிக்க 'இன்ரு' என்பதனோடு 'இங்' ஈற்றுச் சொல் வரும் அமைப்பிலே ஏமாற்றுதல், வற்புறுத்தல், பேசி மயக்குதல் ஆகிய பொருளுடைய வினைகள் பெருந்தொகையாக வருகின்றன. பெருந்தொகையான உண்மை வாக்கியங்களை ஒப்புநோக்கியதன் பயனாகவே இத்தகைய செய்திகள் இவ்வளவு விரிவாகத் தொகுக்கப்பட்டன.

வழக்கைப் புறக்கணிக்கும் மனப்பான்மைக்கு ஒரு வரலாறு உண்டு. 1762 இல் றொபேர்ட் லோத் எழுதிய ஆங்கில இலக்கணம், ஷேக்ஸ்பியர், மில்ரன் முதலியோரின் எழுத்திலிருந்தே பிழைகளை எடுத்துக்காட்டிற்று. தலைசிறந்த எழுத்தாளரே பிழைசெய்வாராயின் விதி எவரது மொழியைக் குறிக்கின்றது? இவ்வினாவுக்கு விடை கூறாமலே 1795 இல் லிண்ட்லி மறேயின் இலக்கணம் தோன்றிப் பல பதிப்புக்களாகப் பெருகியது. மறுபுறத்தில், சாள்ஸ் பிறீஸ் அமெரிக்கக் குடிமக்கள் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்களை ஆராய்ந்து 1940 இலும், பதிவுசெய்த தொலைபேசி உரையாடல்களை ஆராய்ந்து 1952 இலும் நூல்களை வெளியிட்டார். குவேர்க் 1959 இல் ஆங்கில வழக்கு மதிப்பாய்வைத் தொடங்கினார். 1961 இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துக்களிலிருந்து 500 பகுதிகளைத் தெரிந்து, பத்து இலட்சம் சொற்களைக் கொண்ட பிறவுண் மொழித் தரவகம் கணினியில் தொகுக்கப்பட்டது. 1994 இல் நிறைவுற்ற பிரித்தானியத் தேசிய தரவகமோ பத்துக் கோடிச் சொற்களைக் கொண்டது. ஆங்கிலேயரும் அமெரிக்கருமே தமது மொழியை இவ்வாறு எண்ணியும் எடைபோட்டும் ஆராய்கையில், நாம் மட்டும் மறே காலத்து மனப்பான்மையைப் பேணுவது நகைப்புக்கிடமானது.

இதற்கு எழக்கூடிய மறுப்புக்களைக் கவனித்தல் வேண்டும். வழங்குவதெல்லாம் சரியெனின் பிழையென ஒன்று இல்லாது போகும் என்பர் சிலர். ஒருவர் ஒருமுறை எழுதியது வழக்காகாது. எத்தகைய எழுத்தில், எத்தனை பேரால், எவ்வளவு அடிக்கடி வழங்குகிறது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே வழக்கு என்ற பெயர் அதற்குரியதாகும். தொடக்க நிலை மாணவர் உதாரணக் கடலில் மூழ்கிவிடுவர் என்பர் வேறு சிலர். உதாரணங்களைத் தெரிந்து ஒழுங்குபடுத்தித் தருதல் ஆசிரியரின் கடமை, விதியும் வேண்டியதே. அது பாடத்தின் முடிவில், மாணவர் தாமே கண்ட முடிபாக வரல் வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

மூன்றாவது மறுப்பு கனமானது. எந்தத் தொகுதியும் ஒரு மொழியின் இலக்கணமுடைய வாக்கியங்கள் அனைத்தையும் அடக்காது என நோம் சொம்ஸ்கி 1957 இல் வாதிட்டார். தாய்மொழியாளரின் உள்ளுணர்வே சான்று எனக் கொள்வோர் அவரைப் பின்பற்றுவர். தாய்மொழியை ஆராய்பவருக்கு இது பொருந்தலாம். ஆனால் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் நமது மாணவருக்கு அவ்வுள்ளுணர்வு இல்லை. கற்பிப்போர் பலருக்கும் இல்லை. இல்லாத உள்ளுணர்விலிருந்து புனைந்த வாக்கியத்தை ஆசிரியர் சான்றாகக் காட்டுகிறார்; மாணவர் அதனைச் சரிபார்க்க வழியின்றி ஏற்கின்றார். இங்கு நிகழ்வது கீழ்ப்படிதலேயன்றிக் கல்வியன்று. உண்மை வழக்கு மேசையில் வைக்கப்படும்போதே ஆசிரியரும் மாணவரும் ஒரே சான்றின் முன் சமமாக அமர்கின்றனர்.

இச்சமத்துவம் நமது நாட்டிலே சிறு விடயமன்று. சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று அழைப்பதை யாவரும் அறிவர். தமிழ் மாணவரின் கழுத்திலும் வீழ்வது அவ்வாளே. வீட்டிலே ஆங்கிலம் வழங்கும் குடும்பத்தினர் வழக்கை இயல்பாகவே பெற்றுவிடுகின்றனர். கிராமத்துப் பாடசாலையிலிருந்தும் தோட்டத்துப் பாடசாலையிலிருந்தும் வருபவருக்கு நாம் கொடுப்பதோ வழக்கு நீங்கிய விதி மட்டுமே. ஒரு சாராருக்கு மொழியையும் மறு சாராருக்கு அதன் எலும்புக்கூட்டையும் வழங்கிவிட்டு, பின்னையோர் பேசவில்லையே எனக் குறை கூறுதல் எவ்வகையில் நியாயமாகும்?

தமிழிலக்கண மரபை அறிந்தோருக்கு இவ்வாதம் புதிதன்று. வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் ஆராய்ந்தே தொல்காப்பியம் இயற்றப்பட்டதாக அதன் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. உரையாசிரியர்கள் சூத்திரந்தோறும் வழக்கிலிருந்தும் செய்யுளிலிருந்தும் எடுத்துக்காட்டுத் தந்தனர். விதிக்கு அடங்காதவற்றுக்குப் புறநடையும், பிழைபோற் தோன்றினும் ஏற்கப்பட்டவற்றுக்கு வழுவமைதியும் வகுத்த மரபு நம்முடையது. தமிழ் வகுப்பிலே இவற்றைப் போற்றும் நாம் ஆங்கில வகுப்பினுள் நுழைந்தவுடன் மறந்துவிடுகிறோம்.

வசதியின்மையைக் காரணங்காட்டுதல் இனிப் பொருந்தாது. குவேர்க்கின் மதிப்பாய்வு கடதாசித் துண்டுகளிலேயே தொடங்கியது. இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே இலட்சக்கணக்கான வாக்கியங்களைத் தேடலாம். இலங்கை ஆங்கிலத்துக்கும் அனைத்துலக ஆங்கிலத் தரவகத்திலே ஓரிடம் உண்டு. புவியியல் மாணவர் தமது துறைக் கட்டுரைகளிலிருந்து ஒரு வினைச்சொல் வரும் முப்பது வாக்கியங்களைத் தொகுத்து, அவற்றின் அமைப்பைத் தாமே வகுத்து வகுப்பில் நிறுவட்டும். பரீட்சை வினாத்தாளும் விதியை ஒப்புவிக்கக் கோராது, பத்து உண்மை வாக்கியங்களைத் தந்து அவற்றின் விதியைக் காணுமாறு கேட்கட்டும். வினாத்தாள் மாறாதவரை வகுப்பறையும் மாறாது. அம்மாற்றத்தைச் செய்யும் அதிகாரம் விரிவுரையாளரிடமும், அதனைக் கோரும் உரிமை மாணவரிடமும் உள்ளன.