குறும்பதிவும் தமிழ் வகுப்பும்



தேங்காய்த்திட்டில் எங்கள் தெருவில் வாழும் இளம் தமிழாசிரியர் ஒருவர் சென்ற ஏப்ரல் திங்களில் என் இல்லம் வந்தார். ஒன்பதாம் வகுப்பினர்க்குக் குறும்பதிவு எழுதும் பயிற்சி அளிக்க விரும்புவதாகக் கூறி, என் கருத்தை வினவினார். இரண்டொரு வரிகளில் ஒரு செய்தியை எழுதிப் பலரும் காணுமாறு கைப்பேசி வழியே வெளியிடுவது குறும்பதிவு. 2006 இல் தோன்றிய ட்விட்டர் இதனை உலகெங்கும் பரப்பிற்று. ஒரு பதிவுக்கு 140 குறிகளே என்றிருந்த எல்லை 2017 இல் 280 ஆயிற்று. 2023 இல் அதன் பெயர் எக்ஸ் என மாறியது.

“மொழியைச் சிதைக்கும் கருவி வகுப்பிற்கு எற்றுக்கு?” என்று முதலில் மறுத்தேன். அவர் சென்றபின் எண்ணிப் பார்த்தேன். நன்னூலார் நூலின் பத்து அழகுகளைக் கூறுமிடத்துச் சுருங்கச் சொல்லுதலையே முதலில் வைத்தார். ஏழே சீர்களில் ஒரு கருத்தை நிறைவுறக் கூறும் குறளை நாள்தோறும் கற்பித்த நான் சுருக்கத்தை அஞ்சுதல் தகுமோ? ஆயின் அந்நன்னூலாரே, பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலை முதலாவதாக வைத்துள்ளார். சுருக்கம் வேறு, குறை வேறு. இவ்வேற்றுமையை உணர்த்துமாயின் அப்பயிற்சி நன்றே எனக் கொண்டு, மறுவாரம் அவர் வகுப்பிற்கே சென்று அமர்ந்தேன்.

அவர் மாணவர்க்குக் கைப்பேசி தரவில்லை. சிறு தாள்களையே தந்தார். நம்மூர் மீன்பிடி துறைமுகத்தைப் பற்றி 280 குறிகளுக்குள் எழுதச் சொன்னார். ஒரு மாணவன், “தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் இல்லை” என்று எழுதினான். எழுத்துப்பிழை ஏதுமில்லை. எனினும் வெளியூரார் இதனைப் படித்தால், எங்கள் கடலில் மீன்வளமே அற்றுப்போயிற்று என்றன்றோ கருதுவர்? “ஏன் இல்லை? எதுவரை இல்லை?” என்று ஆசிரியர் வினவினார். மீனவர் வீட்டுப் பிள்ளையாகிய அவன் தயங்காது விடை கூறினான். பின்னர் அவனே திருத்தி எழுதியது இது: “மீன்கள் இனம் பெருகும்பொருட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. ஆதலின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன்வரவு குறைந்துள்ளது.” இதுவும் 280 குறிகளுக்குள் எளிதில் அடங்கிற்று. அவன் முதலில் எழுதியது இடமின்மையால் குறைந்ததன்று என்பது வகுப்பு முழுமைக்கும் விளங்கியது.

எண்ணும்போது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ‘தேங்காய்த்திட்டு’ என்னும் சொல்லில் இலக்கணப்படி எழுத்துகள் 8. கணினியோ மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணி 16 என்கிறது. நான் ஆண்டுதோறும் தொண்டை வறளக் கற்பித்த உயிர்மெய்ப் பிறப்பினை அன்று மாணவர் விரல்விட்டு எண்ணியே அறிந்தனர்.

இது வெறும் வகுப்பறை விளையாட்டன்று. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, படகும் உணவும் வேண்டிப் பலர் குறும்பதிவுகளையே நாடினர். உதவி பெற்றோரும் பலர். ஆனால் நாளும் நேரமும் குறிக்கப்படாத வேண்டுகோள்கள், உரியவர் மீட்கப்பட்ட பின்னும் கைமாறிச் சுழன்றன. தொண்டர்கள் அவற்றை நம்பி அலைந்த நேரத்தில், மெய்யாகவே நீர் நடுவே நின்றவர் காத்திருக்க நேர்ந்தது. இடம், நாள், நேரம், சொல்பவர் யார் என்னும் நான்கிற்கும் 280 குறிகளில் தாராளமாக இடம் உண்டு.

வரும் ஆண்டில் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரிலேயே பதிவு வெளியிடலாமா என்று ஆசிரியர் இப்போது கேட்கிறார். 13 வயது நிரம்பியோர் சேரலாம் என அந்நிறுவனம் விதித்திருப்பது மெய்யே. எனினும் நான் அதற்கு உடன்படவில்லை. தாளில் எழுதியதை அழிக்கலாம். ஊரறிய வெளியிட்டதைப் பிறர் படியெடுத்து வைத்திருப்பர். வகுப்பின் பெயரால் ஒரே கணக்கு இருக்கட்டும். ஆசிரியர் படித்துத் திருத்திய பின்னரே எதுவும் வெளிவரட்டும் என்று கூறியுள்ளேன். அவர் இன்னும் விடை கூறவில்லை.